பெயரிலி எழுத்தின் ‘நாம்’: தீவிர அரசியலும் மொழிபெயர்ப்பும்

பெயர் சுட்டாத எழுத்து அரசியலில் எத்தகைய விளைவை உண்டாக்குகிறது என்னும் வினா இக்காலத்தில் இணையத்தை ஒட்டியே பெரிதும் எழுப்பப்படுகிறது. எழுதியவர் இன்னார் என்று அறிய இயலாத குழுக்களில் பிறக்கும் சொற்கள் பொதுவழக்கில் புகுவதும், அவற்றுட் சில கொலையில் முடிவதும் உலகின் பல பகுதிகளில் காணப்பட்டுள்ளன. இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் ஒன்றே: பெயர் இல்லாவிடத்து அச்சம் இல்லை, அச்சம் இல்லாவிடத்து வெறுப்பு தடையின்றி வெளிப்படுகிறது. இது ஒரு பகுதி உண்மை. எழுதுபவரின் துணிவை இது விளக்குகிறது. படிப்பவரின் மாற்றத்தை விளக்கவில்லை. தன் பெயரை மறைக்க வேண்டிய தேவையே இல்லாத வாசகன், யாரென்று அறியாத ஒருவரின் சொல்லைத் தன் சொல்லாக ஏற்பது எவ்வாறு என்பதே ஆராயத்தக்க சிக்கலாகும்.

இக்கட்டுரை அச்சிக்கலை மொழியியல், மொழிபெயர்ப்பு ஆகிய இரு நோக்கில் அணுகுகிறது. பெயரின்மை என்பது வெறும் மறைப்பு அன்று. பேசுவோனின் இடத்தை வெற்றிடமாக்கி, அவ்விடத்தில் வாசகனை அமர்த்தும் ஓர் உரைநடை உத்தி என்பதும், அவ்வுத்தியின் உயிர்நிலை தன்மைப் பன்மைச் சொல்லில் உள்ளது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. இதற்குரிய களமாக அந்தமான் அமைகிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை, பெயரிலி எழுத்தோடும் அதைச் சூழ்ந்த இயக்கங்களோடும் தொடர்புடைய பலரை அடைத்துவைத்த இடம். அச்சிறை நிற்கும் போர்ட் பிளேர் நகரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய பத்துபஸ்தி முதலிய குடியிருப்புகள், பல மொழியினர் அடுத்தடுத்து வாழும் சூழலில் இச்சிக்கல் இன்று எவ்வடிவம் கொள்ளும் என்பதை எண்ணிப் பார்க்க உதவுகின்றன.

1. பெயர் சுட்டாமை: தமிழ் மரபு

பெயரின்மை தமிழுக்குப் புதியதன்று, இழிவானதும் அன்று. அகத்திணை மாந்தரை இயற்பெயரால் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. தலைவனும் தலைவியும் பெயரற்றவராக இருப்பதனாலேயே கேட்போர் எவரும் அவ்விடத்தில் தம்மை வைத்துப் பார்க்க இயலுகிறது. புறத்திணையிலோ மன்னன் பெயரும் ஊரும் போரும் சுட்டப்படும். அங்குக் கேட்போன் சான்றாளனாக நிற்கிறானேயன்றி, அம்மன்னனாக ஆவதில்லை. குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்து, அவர்தம் பாடலில் அமைந்த தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார், ஓரேருழவனார் போன்றோர் இதற்குச் சான்று. ஆளின் பெயர் தேய்ந்து சொல்லே நிலைபெற்றதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

இம்மரபை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். தீவிர அரசியலின் பெயரிலி எழுத்து, புறப்பொருளை அகத்தின் விதியால் எழுதுகிறது. பொருள் போர், ஆனால் போர்புரிவோனுக்குப் பெயரில்லை. எனவே படிப்போர் எவரும் அவனாகலாம். பகைவனுக்கு மட்டும் பெயர் தரப்படுகிறது. ஒருபுறம் பெயரற்ற பேசுவோன், மறுபுறம் பெயர் சுட்டப்பட்ட பகை என்னும் இச்சமனின்மையே இவ்வகை எழுத்தின் அடிப்படை அமைப்பு எனலாம்.

2. 1905 முதல் 1911 வரை: துண்டறிக்கையும் சிறையும்

வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த எழுத்துகளில் இவ்வமைப்பு தெளிவாகக் காணப்படுகிறது. அரவிந்தர் எழுதிய ‘பவானி மந்திர்’ 1905இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1906இல் தொடங்கப்பட்ட ‘யுகாந்தர்’ இதழின் கட்டுரைகளிலும் எழுதியவர் பெயர் இல்லை. 1907இல் அவ்விதழின்மீது வழக்குத் தொடரப்பட்டபோது பூபேந்திரநாத் தத்தர் பொறுப்பைத் தாமே ஏற்று ஓராண்டுச் சிறை பெற்றார். அதே ஆண்டு ‘வந்தே மாதரம்’ இதழ் வழக்கில், அரவிந்தரே ஆசிரியர் என்பது மெய்ப்பிக்கப்படாமையால் அவர் விடுதலை பெற்றார், சாட்சி கூற மறுத்த விபின் சந்திர பாலர் ஆறு மாதச் சிறை பெற்றார், அச்சிட்டவரும் தண்டிக்கப்பட்டார். எழுத்தின் பொறுப்பு, எழுதியவனை விட்டு ஏற்றுக்கொண்டவனுக்கும் அச்சிட்டவனுக்கும் இடம்பெயர்ந்ததை இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன. அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத்தர் முதலியோர் 1909இன் இறுதியில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர்.

இதற்கு நேர்மாறான வழியும் அக்காலத்தில் இருந்தது. அலகாபாத்தில் 1907இல் தொடங்கிய ‘சுவராஜ்யா’ என்னும் உருது வார இதழின் ஆசிரியர்கள் தம் பெயரை மறைக்கவில்லை. ஒருவர் சிறைப்பட மற்றொருவர் அப்பொறுப்பை ஏற்றனர். ஹோதிலால் வர்மா, லத்தா ராம், நந்த கோபால் ஆகியோர் செல்லுலார் சிறை வரை சென்றனர். பெயரோடு எழுதியவர்களின் நடையும் கடுமையானதே. ஆகவே கடுமைக்குப் பெயரின்மைதான் காரணம் என்னும் கருத்து வரலாற்றால் வலுப்பெறவில்லை. இருவகை எழுத்திற்கும் உள்ள வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. பெயரோடு எழுதுபவன் தன் உடலைப் பிணையாக வைக்கிறான்; வாசகன் அவனைப் போற்றலாம், மறுக்கலாம், அவனோடு வாதிடலாம். பெயரற்ற எழுத்தில் வாதிடுவதற்கு ஆள் இல்லை. சேர்வது அல்லது விலகுவது என்னும் இரண்டே வழிகள் உள்ளன.

மொழிபெயர்ப்பின் சிக்கல் முனைப்பாக வெளிப்பட்ட வழக்கு கணேஷ் தாமோதர் சாவர்க்கருடையது. அவர் வெளியிட்ட மராத்திப் பாடல்களுக்காக 1909இல் அவருக்கு ஆயுள் தண்டனையாக நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. புராண மாந்தரும் சிவாஜியும் பாடல்களில் வந்தமையால், அவற்றைச் சமயப் பொருளிலோ பழைய வரலாற்றுப் பொருளிலோ கொள்ள வேண்டும் என்று வாதிட இடமிருந்தது. மேல்முறையீட்டைக் கேட்ட பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நீதிபதி சந்தாவர்கர் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தெய்வங்களின், வீரர்களின் பெயர்கள் வெறும் மேற்போர்வை என்றும், மராத்தி அறிந்த எவரும் இப்பாடல்களை அரசுக்கெதிரான போரழைப்பாகவே உணர்வர் என்றும் அவர் தீர்ப்பளித்தார். தண்டனையின் நியாயம் ஒருபுறமிருக்க, அத்தீர்ப்பின் மொழியியல் அடிப்படை கருதத்தக்கது. சொற்பொருளைக் காட்டிலும் அம்மொழியின் இயல்பு வாசகன் கொள்ளும் பொருளே அங்கு அளவுகோலாயிற்று. அவ்வியல்பு வாசகனின் உணர்வைப் பிறமொழியார் எவ்வாறு அறிவது என்ற வினாவுக்கு இன்றும் முழுமையான விடை இல்லை.

அவருடைய தம்பி விநாயக் தாமோதர் சாவர்க்கரின் நூல்களில் பெயர்மறைப்பு மூன்று வடிவம் கொள்கிறது. 1857 எழுச்சி பற்றிய நூல் மராத்தியில் எழுதப்பட்டு, லண்டனிலிருந்த இந்திய மாணவர்களால் ஆங்கிலமாக்கப்பட்டு, 1909இல் ‘ஓர் இந்தியத் தேசியவாதி’ என்ற பெயரில் வந்தது. ஆசிரியர் பெயரோடு மொழிபெயர்த்தவர் பெயரும் மறைந்தது. 1923இல் வெளிவந்த இந்துத்துவம் பற்றிய நூல் ‘ஒரு மராட்டியன்’ என்பவர் எழுதியதாக அச்சாயிற்று. 1926இல் சென்னையில் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றின் ஆசிரியர் ‘சித்திரகுப்தர்’. அது அவரே எழுதியது என்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையால் வெளியாயிற்று. முதல் இரண்டில் தனிமனிதன் ஓர் இனத்தின் பெயருக்குள் மறைகிறான். மூன்றாவதில் ‘நான்’ என்பது ‘அவர்’ ஆகிறது. பெயர்மறைப்பு இலக்கண இடத்தையே மாற்றவல்லது என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று அரிது.

3. மணியாச்சிக் கடிதம்: ஓர் இலக்கண வாசிப்பு

1911 ஜூன் 17 அன்று மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்டார். அப்போது புழக்கத்திலிருந்த இரண்டு தமிழ்த் துண்டறிக்கைகளைப் பற்றி 1918ஆம் ஆண்டின் ராஜத்துரோகக் குழு அறிக்கை குறிப்பிடுகிறது. ஒன்று ஆரியருக்கு அறிவுரை கூறுவது. மற்றொன்று அபிநவ பாரத சங்கத்தில் சேர்வோர் ஏற்க வேண்டிய உறுதிமொழி. புதுச்சேரியில் அச்சான அவற்றில், பரங்கியரை அழிக்கும் அச்சுக்கூடம் என்று பொருள்படும் கற்பனைப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அச்சிட்டவர் பெயரும் இடமும் ஒவ்வொரு வெளியீட்டிலும் இருத்தல் வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டம் கேட்ட இடத்தில் முகவரிக்குப் பதிலாக அச்சுறுத்தல் வைக்கப்பட்டது. உறுதிமொழி என்னும் வடிவமும் நோக்கத்தக்கது. அதன் ‘நான்’ எழுதியவனைச் சுட்டுவதில்லை. அதை ஓதுபவன் எவனோ அவனையே சுட்டும். பெயரற்ற எழுத்து வாசகனைப் பேசுவோனாக்கும் முறை இதில் முழுமை பெறுகிறது.

வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் கையொப்பமிடப்பட்டது. எனினும் அதன் குரல் தனிக்குரல் அன்று. அரசரைக் கொல்ல 3000 மதராசிகள் உறுதிபூண்டிருப்பதாகவும், அவர்களில் தாமே கடையவர் என்றும் அதில் கூறப்படுகிறது. வழக்கில் நிறுத்தப்பட்டவர் 14 பேரே. 3000 என்பது கணக்கு அன்று. பெயரற்றோர் கூட்டம் ஒன்றைச் சொல்லால் படைத்து, அதனுள் புகுந்து நிற்கும் முறை.

அச்சில் இன்று பரவலாக வழங்கும் வடிவத்தில் இதன் இலக்கணம் இன்னும் நுட்பமானது. தொடக்கத்தில் தேசம் ‘நமது’ எனப்படுகிறது. பின்னர் இராமன், சிவாஜி முதலியோரைச் சுட்டுமிடத்தும் தேசத்தை மீண்டும் சுட்டுமிடத்தும் ‘எங்கள்’ என வருகிறது. ‘மதராசிகள்’ என்னும் படர்க்கைப் பெயர் ‘ஓம்’ ஈற்றுத் தன்மைப் பன்மை வினையைக் கொண்டு முடிகிறது. பிறரைத் தன்னோடு சேர்த்துக் கூறும் இதனைத் தமிழ் இலக்கணம் உளப்பாட்டுத் தன்மை என்று வழங்கும். ஆங்கிலத்தில் இம்மாற்றங்கள் அனைத்தும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். எவ்விடத்தில் வாசகன் உள்ளே அழைக்கப்படுகிறான், எவ்விடத்தில் எதிரில் நிறுத்தப்படுகிறான் என்பது மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.

இக்கடிதத்தின் ‘பஞ்சமன்’ என்னும் சொல் இன்றளவும் வாதத்திற்குரியது. ஐந்தாம் ஜார்ஜைச் சுட்டும் எண்ணுப்பெயரே அது என்பர் ஒரு சாரார். பசுவின் இறைச்சி உண்பவன், மிலேச்சன் என்னும் அடைகளோடு அது வருவதால், ஒடுக்கப்பட்ட சாதியாரைக் குறித்த வழக்குச் சொல்லின் இழிவும் அதில் கலந்துள்ளது என்பர் மற்றொரு சாரார். பரவலாக எடுத்தாளப்படும் ஆங்கில வடிவம் ‘ஐந்தாம் ஜார்ஜ்’ என்று மட்டுமே கூறுவதால், இவ்வாதத்திற்கே அங்கு இடமில்லாமற் போயிற்று. எழுதியவரின் உள்ளக்கருத்தை இன்று உறுதிசெய்ய இயலாது. ஆயினும் அச்சொல்லைத் தன்மீது பட்ட இழிவாகக் கேட்கக்கூடிய தமிழ் வாசகன் ஒருவன் இருந்தான் என்பதில் ஐயமில்லை. அவனைப் பொறுத்தவரை ‘நமது’ என்று தொடங்கிய அழைப்பு, இச்சொல்லோடு முடிந்துவிடுகிறது. தீவிர அரசியலின் ‘நாம்’ எல்லாரையும் அழைப்பதுபோல் ஒலித்து, சிலரை வாசலிலேயே நிறுத்துவது. அவ்வாசல் பெரும்பாலும் ஒரு சொல்லில் இருக்கும்.

‘ஆரியர்’ என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. அத்துண்டறிக்கையில் அது பாரத மக்களை மேன்மையோடு விளிக்கும் பெயர். சில பத்தாண்டுகளுக்குள், திராவிட இயக்கத்தின் எழுச்சியால், தமிழ் அரசியலில் அதுவே மாற்றாரைச் சுட்டும் பெயராயிற்று. சொற்பட்டியலைக் கொண்டு தீவிரவாத எழுத்தை அடையாளம் காண முயல்வோர், இத்தகைய பொருள்மாற்றத்தின் முன் தடுமாறுவது இயல்பு.

4. இணையப் பெயரிலி

2003இல் தொடங்கிய ‘ஃபோர்சான்’ தளத்தில், பெயர் தராதவர் அனைவருக்கும் ‘பெயரிலி’ என்ற ஒரே பெயர் தானாகவே அமைந்தது. பெயரின்மை அங்கு ஒருவர் தேர்ந்துகொள்வதன்று, குழுவின் பொதுப்பெயர். அதன் வழிவந்த ‘எய்ட்சான்’ தளத்தில், 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கையை முன்கூட்டியே அறிவித்தான். அவ்வறிக்கையின் தலைப்பு ரெனோ கமூவின் பிரெஞ்சு நூலொன்றின் பெயரை ஆங்கிலமாக்கியது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் எல் பாசோவில் நிகழ்ந்த கொலைக்கு முன்பும் அத்தளத்தில் அறிக்கை வெளியிடப்பட்டது. கிறைஸ்ட்சர்ச் அறிக்கையிலும் மணியாச்சிக் கடிதத்தின் அமைப்பே உள்ளது: ஒருவன், தன்னை ஆதரிக்கும் பெயரற்ற பெருங்கூட்டம் ஒன்றின் சார்பில் பேசுகிறான். அயலாட்சியை எதிர்த்த செயலையும் குடியேறியோர்மீது ஏவப்பட்ட கொலையையும் அறநோக்கில் ஒன்றாக வைத்தல் தகாது. ஒப்புமை மொழியமைப்பளவில் மட்டுமே கூறப்படுகிறது.

வேறுபாடுகளும் உள. துண்டறிக்கை மந்தணமாக, கையிலிருந்து கைக்குச் சென்றது. அதைத் தொடுவதே ஓர் இடர். இணைய எழுத்தைத் தொடுவதில் அத்தகைய இடர் இல்லை. முன்னையது வீறார்ந்த நடையில் அமைந்தது. பின்னையது பெரும்பாலும் நகைச்சுவையில் அமைகிறது. நகைப்பு, பொறுப்பைக் கைகழுவ உதவுகிறது: கண்டித்தால் விளையாட்டு, ஏற்றுக்கொண்டால் கொள்கை. அந்நகைப்பைப் புரிந்துகொள்பவன் உள்ளவன், புரியாதவன் வெளியாள் என்று அதுவே எல்லை வகுக்கிறது. குறிப்புமொழியைக் கற்றுக்கொள்ளும் உழைப்பினாலேயே வாசகன் உறுப்பினனாகிவிடுகிறான்.

பெயரின்மையைச் சட்டத்தால் ஒழிப்பது தீர்வாகுமா என்னும் வினாவுக்குத் தென்கொரியாவின் பட்டறிவு ஒரு விடை. 2007இல் பெருந்தளங்களில் உண்மைப்பெயர் உறுதிசெய்தல் கட்டாயமாக்கப்பட்டது. 2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. மேலும், சாதிக்கும் அதிகாரத்திற்கும் அஞ்சுவோர் தம் துன்பத்தைக் கூறப் பெயரின்மையே பலபோது ஒரே காப்பாகிறது. அதைப் பறித்தால் வலியோர்க்கு இழப்பில்லை. எளியோர் வாய் அடைபடும்.

5. அம்பாறை: ஒரு விடையின் விலை

மொழிபெயர்ப்பின் குறை உயிரிழப்பு வரை செல்லும் என்பதற்கு இலங்கை சான்றளிக்கிறது. 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், குழம்பில் கிடந்த மாவுக்கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சிங்கள வாடிக்கையாளர் குற்றஞ்சாட்டினார். முஸ்லிம்கள் மறைவாகக் கருத்தடை செய்கின்றனர் என்ற வதந்தி அதற்கு முன்பே பரவியிருந்தது. தமிழ் பேசும் பணியாளர், கூட்டத்தின் நடுவே அரைகுறைச் சிங்களத்தில் கூறிய விடை ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. அதன் காட்சிப்பதிவு முகநூலில் பரவியது. அது மாவே என்று அரசுப் பகுப்பாய்வு பின்னர்க் காட்டியது. அதற்குள், மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில், தாக்குதலுக்குள்ளான சிங்கள ஓட்டுநர் ஒருவர் இறந்ததை ஒட்டி முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவசரநிலை அறிவிக்கப்பட்டது; சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2020இல் முகநூல் நிறுவனம், இக்கலவரத்தில் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது.

இந்நிகழ்வில் ஒருவரின் முகம் மட்டும் வெளிப்பட்டு நிற்கிறது. அதைப் பரப்பியோர் பெயரற்றோர். பெயரற்றோர் கூட்டம் தனக்கு வேண்டிய பெயரையும் முகத்தையும் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட கருவி, சரிவரப் பொருள்கொள்ளப்படாத ஓர் விடை. அன்று அக்கடையில் இருமொழியும் அறிந்த ஒருவர் நின்றிருந்தால் கலவரம் நிகழாமற் போயிருக்கும் என்று கூற இயலாது. ஆனால் அவ்வொப்புதல் என்னும் சான்று பிறந்திராது.

6. பத்துபஸ்தியிலிருந்து நோக்குதல்

சென்னையையும் அந்தமானையும் இணைக்கும், ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயற்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே அரிதாகவும் மெதுவாகவும் கிடைத்த இணையம், அதன்பின் விரைவுற்றது. நிலப்பகுதியில் எழுதப்படும் பெயரிலிச் செய்தி எதுவும் இன்று காலத்தாழ்வின்றித் தீவுகளை அடையும்.

போர்ட் பிளேர் சுற்றுவட்டாரத்தில் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் உள்ளனர். பொதுமொழியாக இந்தி வழங்குகிறது. பத்துபஸ்தி என்னும் பெயரிலேயே குடியிருப்பு எனப் பொருள்படும் ‘பஸ்தி’ உள்ளது. இங்கு அடையும் ஓர் இந்திச் செய்தியின் ‘ஹம்’ என்னும் சொல்லில், முன்னிலையார் அடங்குவரா என்னும் குறிப்பு இல்லை. சில வட்டார வழக்குகளில் அது ஒருமையையும் சுட்டும். வங்காளத்தின் ‘ஆம்ரா’வும் உளப்படுத்தலை வேறுபடுத்துவதில்லை. தமிழின் நாம், நாங்கள். தெலுங்கின் மனமு, மேமு. மலையாளத்தின் நம்மள், ஞங்ஙள் ஆகியவை வேறுபடுத்துகின்றன. எனவே அச்செய்தியைத் தமிழில் அண்டைவீட்டாரிடம் எடுத்துரைக்கும் ஒருவர், மூலத்தில் இல்லாத ஒரு முடிவைத் தாமே எடுக்க வேண்டியவராகிறார். ‘நாங்கள் அவர்களை விடமாட்டோம்’ என்றால் அது யாரோ சிலரின் மிரட்டல். கேட்பவர் அஞ்சலாம், காவலரிடம் கூறலாம். ‘நாம் அவர்களை விடக்கூடாது’ என்றால் கேட்பவரும் அதற்குள் வந்துவிட்டார். ஒரே மூலத்தின் இரு மொழிபெயர்ப்புகளுள் ஒன்று செய்தி; மற்றொன்று சேர்க்கை.

‘அவர்கள்’ என்பதும் இங்கு வேறு எடை பெறுகிறது. பல மொழியினர் ஒரே தெருவில் வாழுமிடத்தில், நிலப்பகுதியில் எங்கோ இருப்பவரைச் சுட்டிய படர்க்கைச் சொல், மொழிபெயர்க்கப்பட்ட கணத்தில் அடுத்த வீட்டைச் சுட்டத் தொடங்கலாம்.

7. மொழிபெயர்ப்பாளர் கடமை

நீதிமன்றத்திற்கோ, செய்தித்தாளுக்கோ, தளங்களின் மதிப்பீட்டுப் பணிக்கோ மொழிபெயர்ப்போர் மேற்கூறியவற்றிலிருந்து கொள்ளத்தக்கன சில. தன்மைப் பன்மையின் உளப்படுத்தலை ஆங்கிலம் காட்டாவிடத்துக் குறிப்பாலேனும் காட்டல் வேண்டும். பேசுவோன் பெயரற்றும் பகைவன் பெயர்பெற்றும் நிற்கும் அமைப்பைத் தனியே சுட்டல் வேண்டும். ‘பஞ்சமன்’ போன்ற இருபொருட் சொல்லை ஒரு பொருளில் முடித்துவிடாமல், ஐயத்தை ஐயமாகவே தருதல் வேண்டும். அது வழக்குக்கு இடையூறாயினும் உண்மைக்கு இடையூறன்று. நகைப்பை நகைப்பென்று மட்டும் குறித்துவிடாமல், எவர் நகைக்க எவர்மீது கூறப்பட்டது என்பதையும் உரைத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெயரிலியின் பெயரைக் கண்டுபிடிக்க உதவாது. அது காவல்துறையின் பணி. மொழியறிஞரின் பணி வேறு: அவ்வெழுத்து யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை, அழைக்கப்படுபவர் உணரும் முன்னரே கூறுதல். எழுதியவன் யார் என்பது வெளியாக 61 ஆண்டுகள் ஆன நூலும் உண்டு. அதன் வாசகர் அதுவரை காத்திருக்கவில்லை. ‘நாம்’ என்று தன்னை அழைக்கும் குரலிடம், அந்த ‘நாம்’ எவரெவர் என்று வினவும் பழக்கம் வாசகரிடம் வேரூன்றுமாயின், பெயரின்மையின் தீமை பெரும்பகுதி குறையும். அவ்வினாவை எழுப்புதற்குரிய இலக்கணம் தமிழில் தொல்காப்பியக் காலந்தொட்டே உள்ளது.